பாட்டி பக்கம் மைக்கைத் திருப்பு

விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைத் திறந்தால் அதன் பக்க எண்கள் வண்ணக் கட்டங்களாக வரிசைகட்டி நிற்கும். சிவப்பு என்றால் இன்னும் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார். பச்சை என்றால் இரண்டாவது ஆளும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். மஞ்சளாக்கியவரே பச்சையும் ஆக்க நினைத்தால் மென்பொருள் விடாது. டீச்சர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இந்தக் கட்டங்கள்தான். சிவப்பை மஞ்சளாக்கும் வேலையை மட்டுமே நெடுநாள் செய்தேன்.

நான் செங்கல்பட்டில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்ப்பவள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஆடித் திருவிழா நோட்டீஸ், கல்லூரி மாணவர்களின் ஆய்வேடு எல்லாம் என் கையால் அடித்துப் போயிருக்கின்றன. டீச்சர் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். பள்ளி நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்க வந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "சாயங்காலம் வீட்டுக்கு வாம்மா. இந்தக் கையை வச்சு இன்னொரு வேலை இருக்கு. சம்பளம் கிடையாது, முதல்லயே சொல்லிடறேன்" என்றார்.

முதல் நாள் அவர் கேட்டது, இத்தனை வருடம் நீ அடித்ததெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று. கடைக் கணினியில் இருக்கிறது என்றேன். ஒரு கோப்பை பென் டிரைவில் எடுத்துவரச் சொல்லி அவருடைய மடிக்கணினியில் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் தாறுமாறாக வந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் அப்படித்தான். தாளில் அழகான தமிழ் விழும். கணினியைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை. தேடினால் அகப்படாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை அடியொற்றி 128 இடங்கள். ஆனால் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010-இல். அச்சகங்களும் டிடிபி கடைகளும் அதற்குப் பிறகும் பழைய எழுத்துருக்களை விடவில்லை. இடைப்பட்ட காலத்தில் தமிழில் அச்சான எத்தனையோ ஊர் மலர்கள், சிற்றிதழ்கள், ஆய்வேடுகள் இணையத்தின் கண்ணில் படாமலே கிடக்கின்றன. யாரும் திட்டமிட்டு மறைக்கவில்லை. ஆனாலும் மறைந்திருப்பது மறைந்திருப்பதுதான்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடி வைத்திருந்த நாட்டுடைமை நூல்கள் 2,000-க்கு மேல் விக்கிமூலத்துக்கு வந்திருக்கின்றன. பக்கங்கள் படங்களாக இருக்கும். படத்திலிருந்து எழுத்தை எடுத்துக் கொடுக்க ஓசிஆர் இருக்கிறது. அது எடுத்துக் கொடுத்ததைத் திருத்துவதுதான் மெய்ப்பு. டீச்சர் இந்த வேலையில் என் கண்ணைப் பழக்கினார். ஓசிஆருக்கு ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். ‘பாரம்’ என்பதில் காலுக்குப் பதிலாக ‘ர’ விழுந்திருந்தாலும் திரையில் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். ஔவையாரின் ‘ஔ’வை ஒரே எழுத்தாக அடிக்காமல் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்துவிட்டால், படிக்கிறவர் ஔவை என்றுதான் படிப்பார். தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. கர்சரைப் பின்னுக்குத் தள்ளிப் பார் என்பார் டீச்சர். ஒரு தட்டில் தாண்டினால் சரி, இரண்டு தட்டு எடுத்தால் திருத்து.

1978-க்கு முந்தைய அச்சு இன்னும் கடினம். அந்த ஆண்டுதான் எம்.ஜி.ஆர். ஆட்சி எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாணையாக்கியது. பெரியார் 1935 முதலே குடி அரசில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தி வந்தார். 1978-க்கு முந்தைய மற்ற நூல்களில் ணை, லை, ளை, னை எல்லாம் தலைக்கு மேலே துதிக்கை சுழித்து நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் வாங்காமல் கீழே வளைந்திருக்கும். ஓசிஆர் அந்த இடங்களில் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஒவ்வொரு எழுத்தாக நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.

இதையெல்லாம்விட டீச்சர் கண்டிப்பாக இருந்த ஒரு விஷயம் உண்டு. நூலில் ‘வேணும்’ என்று இருந்தால் ‘வேண்டும்’ என்று மாற்றக்கூடாது. ஆசிரியர் சந்தி விட்டிருந்தால் விட்டபடியே இருக்க வேண்டும். "உன் தமிழ் நல்ல தமிழ்தான்மா. ஆனா இது அவர் பக்கம்" என்பார். அச்சான ஒருவரின் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கப் பழகிய பிறகுதான், அச்சாகாதவர்களின் பேச்சுக்கு என்ன மரியாதை என்ற கேள்விக்கு அவர் என்னைக் கூட்டிப்போனார். மெய்ப்பு அந்தக் கேள்விக்கான பயிற்சி என்று இப்போது எனக்குப் புரிகிறது.

எங்கள் மாவட்டத்தில் இருளர் நிறையப் பேர் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு குடிகளில் அவர்களும் அடக்கம். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிட ஆயிரக்கணக்கில் கூடுவார்கள்; அந்த மணலிலேயே கல்யாணங்கள் நடக்கும். இருளரைப் பற்றி இணையத்தில் என்ன இருக்கிறது என்று தேடி, ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கச் சொன்னார் டீச்சர். விக்கிப்பீடியா வேலையில் இது தனிப் பயிற்சி. ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேற்கோளுக்குப் போக வேண்டும், அந்த மேற்கோளின் மேற்கோளுக்குப் போக வேண்டும், இப்படியே தரை தட்டும்வரை. செய்தித் தளம், சுற்றுலாத் தளம், போட்டித் தேர்வுக் குறிப்பு என்று ஏறி இறங்கி, பலமுறை நான் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. 1909-இல் வெளிவந்த ‘தென்னிந்தியாவின் குலங்களும் குடிகளும்’. எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி துணையுடன் எழுதிய ஏழு தொகுதிகள்.

தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அளவுகோலும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மனிதர்களின் தலை, மூக்கு, உயரம் எல்லாவற்றையும் அளந்தவர். மூக்கின் அகல நீள விகிதத்தைக் கொண்டு யார் எந்த இனம், யார் மேல் யார் கீழ் என்று சொல்லிவிடலாம் என்று நம்பிய காலம் அது. அந்த அறிவியல் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் அந்தத் தொகுதிகளில் உள்ள வர்ணனைகள் சாகவில்லை. இரண்டாம் தொகுதியில் இருளர் வருகிறார்கள். அவர்களைப் பற்றிப் பலர் சொன்னதும் பார்த்ததும் அதில் இருக்கின்றன. அளக்கப்பட்டவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

இந்த நூல் ஏன் இத்தனை இடங்களில் தலைகாட்டுகிறது? காரணம் சாதாரணமானது. தர்ஸ்டன் 1935-இல் இறந்துவிட்டார், காப்புரிமை முடிந்துவிட்டது. வெளிநாட்டு நூலகங்கள் மின்வருடி இலவசமாகப் போட்டுவிட்டன. ஆங்கிலத்தில் இருக்கிறது, தேடினால் உடனே அகப்படுகிறது. பின்னால் வந்த நல்ல ஆய்வுகள் பணம் கட்டினால்தான் திறக்கும் ஆய்விதழ்களில் இருக்கின்றன. தமிழில் வந்தவை பாமினியிலோ பீரோவிலோ இருக்கின்றன. அதனால் காலனிய அதிகாரி எழுதியது எளிதில் கிடைப்பதாகவும், நேற்றைய ஆய்வு எட்டாததாகவும் ஆகிவிட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் சாதி பற்றிய கட்டுரைகளுக்கு ஆங்கிலேயர் காலத்து நூல்களை நம்பகமான சான்றாக ஏற்பதில்லை என்ற நடைமுறை வந்திருக்கிறது. அது நல்லது. ஆனாலும் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க நம்மிடம் வேறொன்று வேண்டும் அல்லவா? இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இதே பக்கங்களைத்தான் படித்துவிட்டுப் பதில் சொல்கின்றன. இங்கே இருக்கும் ஓட்டை அங்கேயும் ஓட்டைதான்.

எதை வைப்பது என்று போனால் அடுத்த சுவர். விக்கிப்பீடியாவில் மூன்று விதிகள்: மெய்யறிதன்மை, குறிப்பிடத்தக்கமை, சொந்த ஆய்வு கூடாது. யாரோ ஒருவர் அச்சில் சொல்லியிருக்க வேண்டும். பலர் கவனித்திருக்க வேண்டும். நீயாகக் கண்டுபிடித்ததை எழுதக்கூடாது. இந்த விதிகள் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவிட்டுப் போவார்கள். டீச்சர் இவற்றை மதிப்பவர், என்னையும் மதிக்க வைத்தவர். ஆனால் அச்சுக்குள் நுழைய யாருக்கு வழி இருந்தது என்பதை இந்த விதிகள் கேட்பதில்லை.

கனடாவைச் சேர்ந்த இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கு 2018 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு, போதிய சான்று இல்லை என்று திருப்பப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கே அந்த நிலை. எங்கள் மாவட்டத்துக்காரர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் எடுத்துக்கொள்ளுங்கள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறது அந்தச் சங்கம். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் மிக முக்கியமான ஆதாரம். இவர்கள் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், பெருகிக் கிடந்த மலைப்பாம்புகளில் 13-ஐ முதல் எட்டு நாளில் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. விருதுக்குப் பிறகு சான்றுக்குப் பஞ்சமில்லை; எல்லாப் பத்திரிகையும் எழுதிவிட்டன. அவர்கள் வாழ்நாள் முழுக்க பிடித்த பாம்புகள் அதற்கு முன்பே பிடித்தவைதான். டீச்சர் இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடும்.

இந்தச் சுவரை உலகில் வேறு பலரும் முட்டியிருக்கிறார்கள் என்பதை அவர் எனக்குக் காட்டினார். அச்சல் பிரபாலா என்ற ஆய்வாளர் 2011-இல் ஒரு சோதனை செய்தார். மக்கள் வாய்மொழியாகச் சொல்வதை ஒலிப்பதிவு செய்து அதையே மேற்கோளாக்க முடியுமா என்பது கேள்வி. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் நடந்தது. எழுதப்படாத கிராமத்து விளையாட்டு, சடங்கு, சமையல் பற்றி ஊர்க்காரர்களின் குரலைச் சான்றாக்கிக் கட்டுரைகள் வந்தன. பெரிய விவாதமும் வந்தது; இன்றும் முடியவில்லை. 2018 ஜூலையில் கேப் டவுனில், இணையத்தைக் காலனியப் பிடியிலிருந்து விடுவிப்பது பற்றியே ஒரு கூட்டம் நடந்தது. அனசூயா சென்குப்தா முதலியோர் தொடங்கிய ‘யாருடைய அறிவு?’ என்ற இயக்கம் அதைக் கூட்டியது. அந்தப் பெயரில் உள்ள கேள்விக்குறி எனக்குப் பிடிக்கும். அவர்கள் 2022-இல் வெளியிட்ட இணைய மொழிகள் நிலை அறிக்கையில் பெங்களூரு ஆய்வு மையம் ஒன்றும் ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனமும் சேர்ந்திருந்தன. விக்கிப்பீடியா 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. உலகில் பேசப்படும் மொழிகள் ஏறத்தாழ 7,000. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. இருளர் தங்களுக்குள் பேசும் மொழிக்கு அப்படி ஒன்று இல்லை. நம் தமிழும் இன்னொருவருக்குப் பெரிய மொழிதான் என்பதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

பிறகு ஒலிப்பதிவு. திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஓர் இருளர் குடியிருப்பு. டீச்சரிடம் படித்த பையனின் குடும்பம் அங்கே இருக்கிறது. முதல் சில தடவை மைக்கை எடுக்கவே விடவில்லை டீச்சர். சும்மா போய் உட்கார்ந்து, டீ குடித்து, வந்த கதை சொல்லி, திரும்பினோம். பையனின் தாத்தா பாம்பு பிடித்தவர். வரப்போரம் கூட்டிப்போய் ஒரு வளையைக் காட்டினார். குனிந்து, வாய்ப்பக்கத்து மண்ணில் விரலை வைத்து, "இங்க பாரு கண்ணு, மண்ணு மழமழன்னு கிடக்குது. போய் வந்துகிட்டு இருக்கு. சிலந்தி வலை பின்னியிருந்தா நாம நடையைக் கட்டலாம்" என்றார். பக்கத்தில் கிடந்த எச்சத்தைக் குச்சியால் பிரித்து, அதில் எலிமயிர் இருப்பதைக் காட்டினார். கடப்பாரையை எந்தப் பக்கம் இறக்கினால் வளை சரிந்து பாம்பை நசுக்காமல் இருக்கும் என்று சொன்னார். அவருக்குப் பாம்பு நசுங்கக்கூடாது என்பது முக்கியம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பதற்றமே தெரிந்தது.

பதிவு செய்த நாளில் தாத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்து மைக்கைச் சட்டையில் மாட்டினேன். அவர் சொல்லச் சொல்ல உள்ளே அடுப்படியிலிருந்து பாட்டி திருத்திக்கொண்டே இருந்தார். "அது ஐப்பசியில இல்ல, அறுப்புக்கு அப்பறம்." "அந்த வளையில எடுத்த நெல்லு ரெண்டு படி இருக்கும், மறந்துட்டியா?" எலி வளை தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்து வருவது அந்தக் காலத்தில் பெண்களும் செய்த வேலை. எனக்குப் பின்னணிச் சத்தம் பதிவைக் கெடுக்கிறதே என்ற கவலை. டீச்சர் என் தோளைத் தொட்டு, மெதுவாக, "பாட்டி பக்கம் மைக்கைத் திருப்பு" என்றார்.

பாட்டி வெளியே வந்து உட்கார மாட்டேன் என்றார். அதனால் நாங்கள் அடுப்படிக்குப் போனோம். அன்று அவர் பேசியது தாத்தா பேசியதைப்போல இரண்டு மடங்கு. எந்தக் கிழங்கு எந்த மழைக்குப் பிறகு தித்திக்கும், கர்ப்பமான பெண் எதைச் சாப்பிடக்கூடாது, பிரசவம் பார்த்த கை எது, கொத்தடிமையாகச் செங்கல் சூளையில் கிடந்த வருடங்களில் எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது. விக்கிப்பீடியாவில் பெண்களின் வாழ்க்கை வரலாறு ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அந்தக் குறை எங்கே தொடங்குகிறது என்று அந்த அடுப்படியில் பார்த்தேன். மைக் எங்கே மாட்டப்படுகிறதோ அங்கே தொடங்குகிறது.

பேச்சை எழுத்தாக்கும்போது பழைய பாடம் உதவியது. பாட்டி சொன்ன சொல்லை அப்படியே எழுதினேன். ‘கிடக்குது’ என்றால் கிடக்குது. அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குப் போயிருந்தால் நானும் முடிக்கவில்லை. எழுத்தாக்கியதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் வேண்டும் என்றும், அந்த ஆள் அந்தக் குடியிருப்பிலிருந்தே வர வேண்டும் என்றும் டீச்சர் ஒரு விதி வைத்தார். பாட்டியின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிவரியாகக் கேட்டாள். எனக்குக் கேட்காத சொற்கள் அவளுக்குக் கேட்டன.

இனி எழுதுவதுதான் எனக்கு இந்தத் தொழிலின் ஆழமான பகுதி. பதிவை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற வேண்டுமானால் கட்டற்ற உரிமத்தில் கொடுக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினால் சட்டப்படி முடிந்துவிடும். டீச்சர் படிவத்தை எடுக்கவில்லை. பாட்டியிடம் கேட்கும்படி என்னிடம் விட்டார். நான் சொன்னேன்: "பாட்டி, இதை இன்டர்நெட்ல போட்டா யார் வேணும்னாலும் கேக்கலாம். எடுத்து விக்கக்கூடச் செய்யலாம். உங்களுக்குக் காசு வராது. பின்னாடி வேணாம்னு தோணினா திரும்ப எடுக்க முடியாது." பாட்டி கொஞ்ச நேரம் யோசித்து, "கறந்த பால் மடி ஏறாதுன்ற" என்றார். பிறகு பிரித்துச் சொன்னார். எலி வளைக் கதை போடலாம். சூளைக் கதையைக் கட்டாயம் போட வேண்டும், எல்லாரும் கேட்கட்டும். மருந்துச் செடி எதுவும் போடக்கூடாது. பிரசவம் பற்றிச் சொன்னதைப் பொம்பளைகள் மட்டும் கேட்கிற மாதிரி வைக்க முடியுமா?

மருந்துச் செடி விஷயத்தில் பாட்டி சொன்னதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் மறுஆய்வு கேட்டு 1997-இல் அதை ரத்து செய்யவைத்தது. வென்றது அச்சில் இருந்த நூல்களையும் கட்டுரைகளையும் காட்டித்தான். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டில் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள் என்று சொன்னால் போதாது. அச்சில் காட்ட வேண்டும். அப்படியானால் எல்லாவற்றையும் எழுதி இணையத்தில் போட்டுவிடுவதுதானே பாதுகாப்பு என்று தோன்றும். அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினரின் கதை அதற்கு மறுபக்கம். 1987-இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள், களைப்பு தீர்க்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது, 1995-இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் போனது, லாபத்தில் பங்கு தர 1997-இல் காணிக்காரர்களுக்கு அறக்கட்டளை அமைந்தது. உலகம் முழுக்கப் பாராட்டப்பட்ட ஏற்பாடு. ஆனால் அந்தச் சமூகத்தின் குலமருத்துவர்கள் சிலர் இதை வெளியே சொன்னதே தவறு என்று எதிர்த்தார்கள். சொன்னவர்களும் காணிக்காரர்கள்தான், சொல்லக்கூடாது என்றவர்களும் காணிக்காரர்கள்தான். ஒரு கையெழுத்தில் இதைத் தீர்க்க முடியாது.

செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் 1986 முதல் தங்களுக்கென்று சங்கம் வைத்து மூலிகைகளை வளர்த்துத் தாங்களே விற்கிறார்கள். தங்கள் அறிவை எந்த அளவு வெளியே கொடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளும் வழி அது. பாட்டி கேட்ட "பொம்பளைகள் மட்டும்" என்ற ஏற்பாடும் நடக்கக்கூடியதுதான். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்கள் அமெரிக்க ஆய்வாளர் கிம் கிறிஸ்டனோடு சேர்ந்து ‘முகுர்ட்டு’ என்ற காப்பக மென்பொருளை உருவாக்கினார்கள். யார் எந்தப் படத்தைப் பார்க்கலாம், எந்தப் பதிவைக் கேட்கலாம் என்பதை அவர்களின் உறவுமுறை வழக்கமே அதில் தீர்மானிக்கும். எல்லாம் எல்லாருக்கும் என்ற கொள்கையில் வளர்ந்தது விக்கிப்பீடியா. நானும் அந்தக் கொள்கையை நேசித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களிடம் போய் இதையும் கொடு என்று கேட்கும்போது அந்தக் கொள்கை வேறு மாதிரி ஒலிக்கிறது. மருந்துப் பகுதியையும் பிரசவப் பகுதியையும் தனி மெமரி கார்டில் போட்டுப் பேத்தியிடம் கொடுத்துவிட்டோம். எங்களிடம் பிரதி இல்லை.

மீதியைப் பொதுவகத்தில் ஏற்றினோம். இருளர் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையில் புகைப்படம்போல ஒலிப்பதிவையும் பக்கவாட்டில் வைக்கலாம். ஆனால் கட்டுரையின் வாக்கியத்துக்கு அதையே சான்றாகக் காட்டலாமா? கட்டுரையை விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனர் நியாயமாகவே கேட்டார்: நாளைக்கு யாரோ ஒருவர் தன் பெரியப்பாவைப் பேசவைத்து, எங்கள் குலம்தான் இந்த ஊரை ஆண்டது என்று ஏற்றினால் என்ன செய்வீர்கள்? டீச்சர் கோபப்படவில்லை. பேச்சுப் பக்கத்தில் எழுதுவதும் இந்தத் தொழிலின் பாகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எதிரில் இருப்பவரின் கவலையை முதலில் அவரைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு நம் பேச்சுக்கு வர வேண்டும் என்பார். நாங்களே அச்சடித்து நாங்களே மேற்கோள் காட்டுவதும் நேர்மையாகாது. அதனால் எழுத்தாக்கிய பகுதியை ஒரு கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் இதழுக்கு அனுப்பியிருக்கிறோம். பேசியவர்களின் பெயரோடு, அவர்கள் ஒப்புதலோடு. ஆசிரியர் குழு படித்துவிட்டுக் கேள்விகள் அனுப்பியிருக்கிறது. பேத்தியும் நானும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கிடையில் அவள் தனக்கென்று பயனர் கணக்குத் தொடங்கிவிட்டாள். மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் பழகி, மேற்கோள் வார்ப்புரு போடக் கற்றுக்கொண்டு, நேராகக் கட்டுரையின் உட்தலைப்புகளுக்குப் போனாள். நானும் டீச்சரும் பாம்பு, வேட்டை, சடங்கு என்று வரைவு போட்டு வைத்திருந்தோம். அவள் கேட்டாள்: "சாதிச் சான்றிதழ் எங்கக்கா?" பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அது இல்லாமல் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, வேலை இல்லை. நீ இருளர்தான் என்று காட்ட எங்கே போவது என்று அலைந்த அவள் அண்ணன் பள்ளியோடு நின்றுவிட்டான். வீட்டுமனைப் பட்டா அடுத்தது. 2006 வன உரிமைச் சட்டம், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இரண்டும் அவளுக்கு மனப்பாடம். இவற்றுக்குச் சான்று தேடவே வேண்டியதில்லை. நாளிதழ்ச் செய்திகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் குவிந்து கிடக்கின்றன. விதிக்குள் அடங்கிய சான்று இவ்வளவு இருந்தும் நாங்கள் அந்தப் பக்கம் தேடியிருக்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் பாம்புதான் முதலில் படுகிறது.

அவள் போட்ட வரிசையில் சான்றிதழும் கல்வியும் முதலில் வருகின்றன, அடுத்து நிலம், பிறகு சூளை. பாம்பு நான்காவது. முதல் பகுதிக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மூல நகல் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். செய்தித்தாள் சுருக்கம் போதாதாம். வழக்கு எண் கிடைத்துவிட்டது. இந்த வாரம் அவளும் நானும் உட்கார்ந்து தேட வேண்டும்.